கட்டம் சரியில்லை!

எனக்கு ஜாதகத்தில் கட்டம் சரியில்லை என்று அம்மா பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மொத்தமே பன்னிரண்டு கட்டம்தானே, ஒன்றிரண்டு முன்னே பின்னே இருந்துவிட்டுப் போகட்டும் என்று நானும் அலட்சியமாக இருந்துவிட்டேன். 2024 பொங்கல் கழிந்து, எழுபத்திரண்டு கட்டம் வரைகிற வேலை ஒன்று என் தலையில் வந்து விழுந்தது. அம்மாவின் தீர்க்கதரிசனம் அப்போதுதான் புரிந்தது.

பத்திரிகையில் எழுதி வருகிற செக், வரும்போது வரும். இடைப்பட்ட காலத்தில் மனிதன் டீ குடிக்க வேண்டாமா? எனவே தூத்துக்குடியில் இரண்டு மூன்று கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். பி.காம். படித்ததற்கு அது ஒரு பிராயச்சித்தம். அதில் ஒரு இடம், துறைமுகம் போகிற ரோட்டில் இருக்கும் ஒரு கிட்டங்கி. (சென்னை வாசகர்களுக்கு: கிட்டங்கி என்றால் குடோன். தெற்கே அப்படித்தான் சொல்வோம். மன்னிக்கவும், இதை மாற்ற முடியாது.)

மூன்று நீளமான ஹால். ஏ, பி, சி. ஒவ்வொன்றிலும் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு இருபத்து நாலு கட்டம். ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வந்த முந்திரிக்கொட்டை ஒரு பக்கம், வெளிநாடு போகக் காத்திருக்கும் நிலாவாரை இலை ஒரு பக்கம், வற்றல் மிளகாய் இன்னொரு பக்கம். எந்த மூட்டை எந்தக் கட்டத்தில் எத்தனை அட்டியில் இருக்கிறது என்பது உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் பதிவாகியிருந்தது. கணக்கு அண்ணாச்சியின் மண்டைக்குள்.

அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. காது கொஞ்சம் மந்தம். ஆனால், "அண்ணாச்சி, கொச்சிக்காரன் சரக்கு?" என்று கேட்டால், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், "பி ஹால், மேல வரிசை, தூணுக்கு அந்தாண்ட. அம்பத்தாறு மூடை போச்சு, மீதி கிடக்கு" என்பார். போய் எண்ணினால் மீதி கிடக்கும். ரிஜிஸ்டர் ஒன்றும் உண்டு. அதில் அவர் எழுதுவார், அவர் மட்டுமே படிப்பார். மற்றவர்களுக்கு அது ஹரப்பா எழுத்து.

2023 டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை வந்தது பாருங்கள், ஒரு மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் தொண்ணூறு சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ், ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு வெள்ளத்துக்கு நடுவே நின்றுபோனதே, அந்த மழை. அண்ணாச்சிக்கு ஊர் ஏரல் பக்கம். சனிக்கிழமை வீட்டுக்குப் போனவர் அங்கேயே மாட்டிக்கொண்டார். ரோடு இல்லை, கரண்ட் இல்லை, போன் இல்லை.

கிட்டங்கியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது. நாலு லோடுமேன்கள், ஒரு டார்ச் லைட். எதை முதலில் மேலே தூக்கி வைப்பது? யாருக்கும் தெரியாது. இருட்டில் கைக்குத் தட்டுப்பட்ட சி ஹால் மூலையில் ஆரம்பித்து, விடிய விடிய கழுத்து நரம்பு புடைக்கத் தூக்கிக் காப்பாற்றியிருக்கிறார்கள். விடிந்து பார்த்தால் அத்தனையும் காலிச் சாக்குக் கட்டு! அடுத்த ஹாலில் நிலாவாரை முழுசும் தண்ணீரில் ஊறிக் கிடந்தது. நிலாவாரை எதற்கு ஏற்றுமதியாகிறது தெரியுமல்லவா? மலச்சிக்கல் மருந்துக்கு. அன்றைக்கு பி ஹால் முழுக்க முழங்கால் அளவு பேதிக் கஷாயம். உலகத்திலேயே பெரிய டோஸ்.

சிரிப்பாக எழுதுகிறேனே தவிர, முதலாளிக்குப் போனது சின்னத் தொகை இல்லை. இன்றுவரை எவ்வளவு என்று வாய் திறக்கவில்லை. நான் கணக்கு எழுதுகிறவன், எனக்குத் தெரியும். நானும் வாய் திறக்கப்போவதில்லை.

பொங்கல் முடிந்ததும் கூப்பிட்டார். "தம்பி, கிட்டங்கியை அப்படியே போன்ல படமா பாக்கணும். தொட்டா உள்ள என்ன இருக்குன்னு சொல்லணும். நிறைஞ்சிருந்தா செவப்பு, காலின்னா பச்சை. முடியுமா?"

கம்ப்யூட்டர் கம்பெனியில் கேட்டாராம். அவர்கள் சொன்ன தொகைக்கு இன்னொரு கிட்டங்கியே கட்டலாம் போலிருந்தது. எனவே என்னிடம் வந்திருக்கிறார். ஏமாந்த சோணகிரி என்று முகத்தில் எழுதி ஒட்டியிருக்கிறது போலும். "முடியும்" என்றேன். வாயில் சனி.

லோ-கோட் என்று ஒரு சங்கதி இருக்கிறது. புரோகிராம் எழுதத் தெரியாத என்னைப் போன்ற அப்பாவிகள், பொத்தான்களையும் பெட்டிகளையும் திரையில் இழுத்து வைத்தே ஆப் செய்துகொள்ளலாம். 2014-ல் ஃபாரஸ்டர் என்கிற அமெரிக்க ஆராய்ச்சிக் கம்பெனி இந்தப் பெயரைச் சூட்டியது. பெயர்தான் அப்போது வந்தது. சமாசாரம் பழசு. தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் ஆபீஸ் போட்டிருக்கிறார்களே நம்ம ஜோஹோ, அவர்களுடைய கிரியேட்டர் 2006-லேயே வந்துவிட்டது. முதலாளி ஆபீஸில் ஏற்கெனவே மைக்ரோசாஃப்ட்டுக்கு மாதா மாதம் அழுதுகொண்டிருந்ததால், அதோடு சேர்ந்து வரும் பவர் ஆப்ஸை எடுத்துக்கொண்டேன். அதன் சூத்திரங்கள் எல்லாம் எக்ஸெல் சாயல். 'இஃப்' போடத் தெரிந்தவன் பாதிக் கிணறு தாண்டினவன். மீதிப் பாதியில் தண்ணீர் இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை.

முதலில் படம். டேப்பை எடுத்துக்கொண்டு இரண்டு நாள் கிட்டங்கியை அளந்தேன். அடி, அங்குலம் தப்பாமல் கிராஃப் பேப்பரில் வரைந்து, போட்டோ எடுத்து, ஆப்பில் பின்னணியாக ஒட்டினேன். பிரமாதமாக இருந்தது, எனக்கு. லோடுமேன் தம்பி ஒருவனிடம் போனைக் கொடுத்து, "பி-7-ஐத் தொடு" என்றேன். அவன் கட்டைவிரலை வைத்தான். பி-6, பி-7, பி-8, பாத்ரூம் நான்கும் ஒரே சமயத்தில் மறைந்துபோயின. நூறு கிலோ மூட்டையைத் தூக்குகிற விரல் ஐயா அது!

அப்போது ஞாபகம் வந்தது ஹாரி பெக். லண்டன் பாதாள ரயிலில் வேலை பார்த்த எலெக்ட்ரிகல் டிராஃப்ட்ஸ்மேன். 1931-ல், தூரம், அளவு, வளைவு எல்லாவற்றையும் தூக்கிக் கடாசிவிட்டு, நேர்கோடும் சாய்கோடுமாக ஒரு ரயில் படம் வரைந்தார். ரொம்பப் புரட்சியாக இருக்கிறதே என்று முதலில் தயங்கினார்கள். 1933-ல் அச்சாகி வந்ததும் ஜனங்கள் பிய்த்துக்கொண்டு போனார்கள். பாதாளத்தில் போகிறவனுக்கு எத்தனை மைல் என்பது எதற்கு? எங்கே ஏறி எங்கே மாற வேண்டும், அவ்வளவுதானே. நானும் டேப்பை உள்ளே வைத்துவிட்டேன். நடைபாதையை ஒல்லியாக்கினேன், கட்டங்களைக் குண்டாக்கினேன், பாத்ரூமை நீக்கினேன். (அதைத் தேட யாருக்கும் படம் தேவையில்லை.)

படத்தின்மேல் தொடுகிற கட்டங்களை வைக்க வேண்டும். உள்ளே தெரிகிற மாதிரி கண்ணாடிப் பெட்டிகள். ஒவ்வொன்றும் திரையின் இடது ஓரத்திலிருந்து எவ்வளவு, மேல் ஓரத்திலிருந்து எவ்வளவு என்று எக்ஸ், ஒய் இரண்டு எண் கொடுத்தால் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். அதன் நிறத்துக்கு ஒரு 'இஃப்': இந்தக் கட்டத்தின் பெயரில் சரக்கு இருந்தால் சிவப்பு, இல்லாவிட்டால் பச்சை. எழுபத்திரண்டு பெட்டி, எழுபத்திரண்டு 'இஃப்'. மூன்று ராத்திரி. வரிசையாக இருக்கிற கட்டங்களுக்கு இவ்வளவு பாடு வேண்டாம், ஒரே பெட்டியைப் பல வரிகளாகத் தானே பெருக்கிக்கொள்கிற வசதி அதிலேயே இருக்கிறது என்று நாலாவது நாள் தெரிந்தது. விதி.

என் லேப்டாப்பில் எல்லாம் கச்சிதம். முதலாளி போனில் திறந்தார். பெட்டிகள் மொத்தமும் படத்தைவிட்டு நகர்ந்து, ஏ-1 நடுரோட்டில் நின்றது. சி ஹால் முழுவதும் கிட்டத்தட்டக் கடலில். "தம்பி, சரக்கைக் கப்பல்லயே வச்சிட்டியளா?" என்றார். அவர் சாதாரணமாக ஜோக் அடிக்கிறவர் இல்லை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

இதற்கு விடை சொன்னது யார் என்று நினைக்கிறீர்கள்? ராத்திரிக் காவலுக்கு இருக்கும் பெரியவர். இளவயதில் சங்கு குளித்தவர். அன்றிரவு நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது டீ வாங்கிக் கொடுத்து, பழங்கதை பேச ஆரம்பித்தார்.

"கடலுக்குள்ள பார் எங்க இருக்குன்னு எப்படிப் பெரியவரே கண்டுபிடிப்பிய? மேலேருந்து பாத்தா எல்லாம் தண்ணிதானே?"

"கரையைப் பாத்துத்தான் தம்பி. மாதா கோயில் கோபுரத்துக்கு நேரா ஒரு மரமோ, கட்டடமோ வரணும். அது ஒரு கோடு. அப்படியே போயிக்கிட்டே இருந்தா இன்னொரு பக்கம் வேற ரெண்டு அடையாளம் ஒண்ணுக்கொண்ணு நேரா வரும். அது ஒரு கோடு. ரெண்டு கோடும் சேருற இடத்துல நங்கூரத்தைப் போடு. கீழ பார் இருக்கும்."

இப்போது எல்லாப் படகிலும் ஜி.பி.எஸ். வந்துவிட்டது. ஆனால் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு மண்டையில் பல்ப் எரிந்தது. எக்ஸ், ஒய் என்று நான் திணறுகிறதை இவர்கள் பனிமய மாதா கோபுரத்தை வைத்துக்கொண்டு செய்திருக்கிறார்கள். அதைவிட முக்கியம், அவர்கள் படகின் ஓரத்திலிருந்து அளக்கவில்லை, படகு ஆடும். ஆடாத கரையிலிருந்து அளந்தார்கள். நான் திரையின் ஓரத்திலிருந்து அளந்திருக்கிறேன். திரையோ ஆளுக்கு ஆள், போனுக்கு போன் மாறுகிறது. அளக்க வேண்டியது படத்தின் ஓரத்திலிருந்து!

உடனே உட்கார்ந்து மாற்றினேன். கட்டத்தின் இடம் 437 என்று எழுதாமல், படத்தின் இடது ஓரம், கூட்டல், படத்தின் அகலத்தில் நூற்றுக்கு முப்பத்திரண்டு. படம் பெருத்தால் கட்டமும் நகர்ந்து பெருக்கும், இளைத்தால் இளைக்கும். வெறும் சதவீதக் கணக்கு. பி.காமில் நாலு வருஷம்... மன்னிக்கவும், மூன்று வருஷம், ஒரு வருஷம் அரியர்ஸ்... இதைத்தானே படித்தேன்!

இந்த முத்து, சங்கு சமாசாரத்தில் கொஞ்ச நேரம் நிற்கலாம், தப்பில்லை. நம் கடலடித் தரைக்கு வெள்ளைக்காரன் காலத்திலேயே படம் போட்டாயிற்று. எந்தப் பார் எங்கே, எவ்வளவு ஆழம், என்ன பெயர் எல்லாம் அதில் உண்டு. ஜேம்ஸ் ஹார்னல் என்று ஒரு மீன்வள அதிகாரி, மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பைப் பற்றி 1922-ல் பெரிய அறிக்கையே எழுதினார். படம் அற்புதம். ஆனால் படத்தில் பார் இருக்கும், பாரில் சிப்பி இருக்காது! ஒரு வருஷம் குஞ்சுச் சிப்பி லட்சக்கணக்கில் அப்பிக் கிடக்கும். மறு வருஷம் மணல் மூடியிருக்கும், அல்லது திருக்கை மீன் தின்று ஏப்பம் விட்டிருக்கும். அதனால் குளிப்புக்கு முன்னால் ஆட்களை முங்கவிட்டு, சிப்பி எடுத்து, எண்ணிப் பார்த்துத்தான் தேதி அறிவிப்பார்கள். 1955-லிருந்து 1961 வரை குளித்ததோடு சரி, அதற்கப்புறம் தூத்துக்குடியில் முத்துக்குளிப்பே நடக்கவில்லை. 1973-ல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் இங்கே வேப்பலோடையில் சிப்பிக்குள் மணியை வைத்து முத்து வளர்த்துக் காட்டினார்கள். அது வேறு கதை.

படம் வரைவது சுலபம், அதற்குள் இருப்பதை அன்றாடம் எண்ணிக்கொண்டே இருப்பதுதான் பெரும்பாடு. இது பெரியவர் சொல்லித் தெரிந்திருந்தும் எனக்கு உறைக்கவில்லை. உறைக்கப் பல வாரம் ஆயிற்று.

அதற்கு முன்னால் அண்ணாச்சி. கட்டங்களுக்குள் என்ன இருக்கிறது என்று நிரப்ப அவர் வேண்டும். நான் லேப்டாப்பும் கையுமாகப் பின்னால் அலைவேன். அவர், "அதுவா... பாப்போம்" என்பார். "இது யார் சரக்கு அண்ணாச்சி?" "எழுதியிருக்கும்லா." இரண்டு நாளில் பதினோரு கட்டம்தான் நகர்ந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கை மூடிவிட்டு, நேராக என்னைப் பார்த்துக் கேட்டார்.

"எல்லாத்தையும் இதுல ஏத்திட்டா, அப்புறம் எனக்கு என்ன வேலை தம்பி?"

ஒரு கணக்குக்காரனாக இதற்கு எனக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். அசையும் சொத்து, அசையாச் சொத்து, கண்ணுக்குத் தெரியாத நல்லெண்ணச் சொத்து, எல்லாவற்றுக்கும் ஐந்தொகையில் இடம் உண்டு. நாற்பது வருஷ ஞாபகத்துக்கு ஒரு வரி கிடையாது. "அப்படியெல்லாம் இல்ல அண்ணாச்சி" என்று முனகினேன். அவர் அதை நம்பவில்லை. நானும்தான். ஆனால் அன்றைக்கு மாலையிலிருந்து அவராகவே வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தார். ஏன் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஊறிப்போன இலையை வாரிக் கொட்டியபோது அவர் முகம் பார்க்கச் சகிக்கவில்லை என்று லோடுமேன்கள் சொன்னார்கள்.

பங்குனி பிறந்ததும் ஆப் ஓட ஆரம்பித்தது. மூட்டை வந்தால் ஒரு வரி, போனால் அதே வரியில் வெளியே போன தேதி. தேதி காலியாக இருந்தால் சரக்கு உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். கட்டம் தானாகச் சிவக்கும், தானாகப் பச்சையாகும். முதலாளி கல்யாண வீடுகளில் போனை எடுத்துக் காட்டினார். நான் டெய்லரிடம் ஒரு கோட் தைக்கலாமா என்று யோசித்தேன். லோ-கோட்டுக்கு ஏற்ற கோட்!

சித்திரைக் கடைசியில் ஒரு காலை ஒன்பது மணிக்கு அண்ணாச்சியிடமிருந்து போன். "தம்பி, பி-14 பச்சையா இருக்கு. ஆனா உள்ள மூடை இருக்கு. எத நம்ப?"

வாசலில் முந்திரி லாரி நிற்கிறது. ஆப்பை நம்பி பி-14 என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். போய்ப் பார்த்தால் அங்கே மிளகாய், கூரையைத் தொடுகிற அட்டி. சுற்றிப் பார்த்தால் ஒன்பது கட்டம் இதே மாதிரி பச்சைப் பொய் சொல்கிறது. லாரி நாலு மணி நேரம் நின்றது. டிரைவர் என் வம்சத்தைப் பற்றிச் சில தகவல்கள் சொன்னார். புதியவை.

இரவு முழுக்கத் தேடிக் கண்டுபிடித்தேன். எடிட் செய்கிற திரையில் அந்த சூத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் முக்கோணம் முதல் நாளிலிருந்தே நின்றுகொண்டிருந்தது. நான் அதை ஏதோ அலங்காரம் என்று நினைத்திருந்தேன். விஷயம் என்னவென்றால், நாம் கேட்கிற கேள்வி தகவல் பட்டியல் இருக்கும் இடத்திலேயே பதில் சொல்லக்கூடிய ஜாதியாக இருந்தால், எத்தனை ஆயிரம் வரி இருந்தாலும் தேடிக் கொடுத்துவிடும. 'தேதி காலியா?' என்று நான் கேட்ட விதம் அந்த ஜாதி இல்லை. அப்படிப்பட்ட கேள்விக்கு ஆப் என்ன செய்கிறது தெரியுமா? பட்டியலின் முதல் ஐந்நூறு வரியை மட்டும் கொண்டுவந்து, அதற்குள் தேடிவிட்டு, கையை விரித்துவிடுகிறது. மிஞ்சிப் போனால் இரண்டாயிரம்வரை ஏற்றிக்கொள்ளலாம். எங்கள் வரிகள் ஐந்நூறைத் தாண்டிய அன்று, ஐந்நூற்றோராவது சரக்கிலிருந்து ஆப்பைப் பொறுத்தவரை உலகத்திலேயே இல்லை. சரக்கு இல்லாத கட்டம் பச்சை!

பிழை என்று கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. புன்னகையோடு தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தது. நம் ஆபீஸ்களில் சில பேர் இருக்கிறார்களே, அந்த மாதிரி.

மருந்து என்னவோ சின்னதுதான். 'உள்ளே', 'வெளியே' என்று தனியாக ஒரு பத்தி சேர்த்து, "நிலை, உள்ளே என்பதற்குச் சமமா?" என்று கேள்வியை மாற்றினேன். சமமா என்று கேட்டால் பட்டியல் தானே பதில் சொல்லும். முக்கோணம் மறைந்தது. இப்போது மஞ்சளில் எதைப் பார்த்தாலும் நின்று படித்துவிட்டுத்தான் போகிறேன், ஆட்டோ உள்பட.

லாரி விவகாரத்துக்கு அப்புறம் அண்ணாச்சியிடம் ஒரு மாற்றம். தினம் காலையில் போனைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று ஹாலையும் ஒரு சுற்று வருகிறார். கட்டத்தையும் பார்க்கிறார், அட்டியையும் பார்க்கிறார். முங்கி எண்ணுகிற வேலை. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, சுவரில் வெள்ளம் விட்டுப் போன பழுப்புக் கோட்டைக் காட்டினார். "தரை ஒரே மட்டமா இருக்குன்னு நெனைக்கிய. இல்ல. பழைய ஹால் கிழக்க பாத்து சரியும். பி-9, பி-10லதான் தண்ணி மொதல்ல நிக்கும். அப்புறம் சி வாசல். ஏ-யில கடைசி வரிசைக்கு வரவே வராது." என் டேப் இரண்டு நாள் அளந்ததில் இது வரவில்லை. நான் நீளம் அகலம்தான் அளந்தேன். பள்ளத்தை அவர் நாற்பது மழையில் அளந்திருக்கிறார்.

தண்ணீர் முதலில் ஏறும் எட்டுக் கட்டத்துக்கு நீலக் கரை போட்டேன். மழை என்று ஒரு பொத்தான். அதைத் தொட்டால் அந்த எட்டில் நனையக்கூடாத சரக்கு எது எது என்று மட்டும் பெரிய எழுத்தில் வரும்.

முதலாளி இதைப் பார்த்துவிட்டு, அண்ணாச்சியை இனி காலையில் மட்டும் வந்தால் போதும் என்று சொல்லியிருக்கிறார். சம்பளம் அப்படியேதான், இப்போதைக்கு. அந்த 'இப்போதைக்கு'ம் எனக்கு ஒரு மஞ்சள் முக்கோணமாகத்தான் தெரிகிறது. கேட்டேன். "பாக்கலாம் தம்பி" என்றார். அடுத்த மாதமும் கேட்பேன்.

ஐப்பசியில் ஒரு ராத்திரி, கனமழை எச்சரிக்கை. அண்ணாச்சி ஊரில். பத்து மணிக்கு லோடுமேன் தம்பி, அதே கட்டைவிரல்காரன், போனைத் தொட்டு உரக்க வாசித்தான்: "பி-9 இலை, பி-10 இலை, சி-2 மிளகாய்..." இரண்டு மணி நேரத்தில் அத்தனையும் மரக்கட்டை அடுக்கின் மேல். காலிச் சாக்குகளை ஒருவரும் சீண்டவில்லை. அப்புறம் எல்லோரும் வாசலில் உட்கார்ந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலு தூறல் விழுந்தது. மேகம் எங்கேயோ போய்விட்டது.

மறுநாள் காலை அண்ணாச்சி வந்து முழுசும் சுற்றிப் பார்த்தார். "மழையும் இல்ல, ராத்திரிக் கூலியும் போச்சு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, ஏ ஹாலுக்கும் பி ஹாலுக்கும் நடுவுல அந்தச் சந்து இருக்குல்லா, அவசரத்துக்கு நான் அங்கயும் பத்து மூடை போடுவேன். அது ஒங்க படத்துல இல்ல. ஒரு கட்டம் போடுங்க."

போட்டேன். எழுபத்து மூன்று. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.